க்ளஸ்டர் தலைவலிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு நாள்பட்ட க்ளஸ்டர் தலைவலி. தூங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வலது கண்ணுக்குப் பின்னால் வலி பிடிக்கும். கண் சிவந்து நீர் கொட்டும், அந்தப் பக்க மூக்கு அடைத்துக்கொள்ளும். படுக்கவே முடியாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பான், நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பான்.

வலி வராமல் தடுக்கும் வெரபமில் மாத்திரையின் அளவைக் கூட்டி, அது இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று. பலனில்லை. லித்தியம் மாத்திரைக்கும் கேட்கவில்லை. வலி வந்ததும் மாஸ்க் போட்டு நிமிடத்துக்கு 12 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தால் அடங்குகிறது, ஆனால் மறுநாளும் வருகிறது.

இப்போது டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுத்திருக்கிறார். பிடரி நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்ட, அதை ஒட்டித் தோலுக்கடியில் மின்முனை வைத்து, பேட்டரியை நெஞ்சில் பொருத்துவது ஒன்று. மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதியின் பக்கம் மின்முனை வைக்கும் டிபிஎஸ் (ஆழ்மூளைத் தூண்டல்) இன்னொன்று. அதில் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு என்றதும் அம்மா அழுதுவிட்டார். முகத்தின் உணர்வு நரம்பை (ட்ரைஜெமினல்) வெட்டுவது மட்டும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முகம் மரத்துப்போய், வலியும் அப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது?

பிடரி நரம்புக் கருவி வைத்துக்கொண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பலன் தெரிய எத்தனை மாதம் ஆனது? வயர் நகர்ந்ததா, தொற்று ஏதும் வந்ததா? பேட்டரி மாற்ற மறுபடி ஆபரேஷன் செய்தார்களா? இன்சூரன்ஸ் கிடைத்ததா? இன்பாக்ஸில் எழுதினாலும் சரி.