பண்டிகையன்று வெந்நீர்க் குளியல் கூடாதாம்! யூதர் வீடுகளில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

தென்கடல் (திரியைத் தொடங்கியவர்):

எருசலேமில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நாலு வருஷம் இருந்தேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே போய் நான் பார்த்த முதல் ரோஷ் ஹஷானா, அதாவது அவர்களுடைய புத்தாண்டு, 2017 செப்டம்பரில் வந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பண்டிகை. அது முடிந்த கையோடு சனிக்கிழமை, அவர்களுடைய வாராந்தர ஓய்வுநாள். ஆக மூன்று நாள் ஒரே மூச்சில்.

குளியலறைக்கு வெளியே வெந்நீர்த் தொட்டியின் சுவிட்ச் இருக்கும், போட்டால் சிவப்பு விளக்கு எரியும். அந்தத் தொட்டியை அங்கே எல்லோரும் ‘தூத்’ என்பார்கள். எங்கள் கட்டடத்தில் சூரிய வெந்நீர் கிடையாது, கரண்ட்தான். புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லோரும் குளித்து முடித்ததும் பெரியவரின் மகள் சுவிட்சை அணைத்து (பண்டிகையிலும் ஓய்வுநாளிலும் அதைப் போடக்கூடாது என்பது அவர்கள் மதச் சட்டம்), கை தவறிக்கூட யாரும் போட்டுவிடாதபடி மேலே டேப் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், ராத்திரி டயப்பர் கசிந்து முதுகு வரை நனைந்து கிடக்கிறார். நல்ல வெயில் காலம் வேறு. நான் டேப்பில் கை வைத்ததும் கட்டிலிலிருந்து “லோ, லோ! ஹாக்!” என்று சத்தம். வேண்டாம், பண்டிகை என்று அர்த்தம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கூரையைப் பார்த்து, “உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு” என்றார். நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஐந்து நிமிஷம் போனது. மறுபடியும் கூரையிடம், “ரொம்பப் பிசுபிசுப்பு” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதியம் ஜெப ஆலயத்திலிருந்து மகன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். யூதர் அல்லாத என்னிடம் பண்டிகை நாளில் ‘அந்த சுவிட்சைப் போடு’ என்று பெரியவர் ஏவக்கூடாது. அதனால்தான் கூரையிடம் ஜாடையாகப் பேசியிருக்கிறார். “அபா, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஜாடை எதுக்கு? நேராகவே கேட்கலாம், சட்டம் அப்படித்தான்” என்றார் மகன். பெரியவர், “எனக்கும் தெரியும். எண்பது வருஷப் பழக்கம், வாய் வரமாட்டேங்குது” என்றார்.

சுவிட்சைப் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினேன். அதிலும் ஆயிரம் கண்டிஷன். கட்டி சோப்பு வேண்டாம், தண்ணியாக இருக்கும் சோப்புதான். ஸ்பாஞ்ச் கூடாது, பிழிய வேண்டிவருமே! துண்டையும் முறுக்கக்கூடாது. நான் செய்தால் தவறில்லை என்று மகன் சொல்லியும் பெரியவருக்கு மனசு ஒப்பவில்லை.

தண்ணீர் மேலே பட்டதும் பேச்சு தானாக வந்தது. யூதர்களின் பழைய மதச்சட்ட நூலான தல்மூதில் இருக்கும் கதை. முந்தின நாளே காய்ச்சிவைத்த வெந்நீரில் ஓய்வுநாளில் குளிக்க ஒரு காலத்தில் அனுமதி இருந்ததாம். குளியல்கூடம் நடத்துகிறவர்கள் ஓய்வுநாளிலேயே அடுப்பை மூட்டிவிட்டு, “இது நேற்றுக் காய்ச்சியது” என்று சாதித்தார்களாம். சரி, குளிக்க வேண்டாம், வெக்கையில் உட்கார்ந்து வேர்க்கலாம் என்றார்கள் ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள். ஜனங்கள் குளித்துவிட்டு, “வேர்க்கத்தான் போனோம்” என்றார்கள். அதையும் தடுத்து, கலிலேயாக் கடலோரத்துத் திபேரியாவின் இயற்கை வெந்நீர் ஊற்று மட்டும் சரி என்றார்கள். உடனே அடுப்பில் காய்ந்த நீரில் குளித்துவிட்டு, “ஊற்றுத் தண்ணீர்தான்” என்று ஒரு பொய். கோபத்தில் ஊற்றையும் தடுத்துப் பச்சைத் தண்ணீர்தான் என்றார்கள். ஜனங்களால் தாங்க முடியவில்லை. கடைசியில் ஊற்றை மட்டும் திறந்துவிட்டார்கள், வேர்க்க உட்காரும் தடை அப்படியே நின்றுவிட்டது.

“ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ பொய் சொன்னான், இன்னைக்கு என் முதுகு அரிக்குது” என்றார் பெரியவர்.

இதுபோல உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

பேஸ்மென்ட்வாசி, நியூஜெர்சி:

நான் ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். மேலே ஒன்பது பேர். பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எனக்குச் சுடுதண்ணீர் சொட்டுக்கூட வராது. இஸ்ரேலில் ஒரு நாள் கொண்டாடும் பல பண்டிகைகள் இங்கே இரண்டு நாள். 2017இல் புத்தாண்டு மட்டுமல்ல, அக்டோபரில் கூடாரப் பண்டிகையின் தொடக்கமும் முடிவும்கூட வியாழன் வெள்ளியில் விழுந்தன. மூன்று நாள் தொடர் ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை!

எனக்குப் புரியாதது ஒன்று. ஓய்வுநாளில் அடுப்பைத் தொடமாட்டார்கள். ஆனால் பண்டிகை நாளில் சமையல் உண்டு, முன்பே எரிகிற நெருப்பிலிருந்து பற்றவைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் செய்யலாம் என்று பைபிளில் யாத்திராகமம் 12:16இலேயே இருக்கிறது. டீக்குத் தண்ணீர் கொதிக்கிறது, அதையே குளிக்க எடுத்தால் என்ன? ஹவுஸ் ஓனரிடம் கேட்டேவிட்டேன்.

சாப்பாடு அல்லாத மற்றத் தேவைகளுக்கும் நெருப்பு உண்டாம், ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான தேவையாக இருக்க வேண்டுமாம். நம் சாம்பிராணி மாதிரி வாசனைப் புகை போடுவதைத் தல்மூத் இந்தக் கணக்கில் தள்ளிவிடுகிறது, ஏனென்றால் அது சொகுசுக்காரர்கள் சமாச்சாரம். முகம், கை, கால் கழுவ வெந்நீர் எல்லோருக்கும் வேண்டும், சரி. முழு உடம்புக்கும் வெந்நீர் அந்தக் காலத்தில் செல்லமாக வளர்ந்தவர்களின் பழக்கம். அந்தக் கால் கழுவுவதிலேயே ஷம்மாய், ஹில்லேல் என்ற இரண்டு பழைய யூத குருக்களின் மரபினருக்குள் சண்டை இருந்திருக்கிறது. குடிக்கவும் ஆகும் தண்ணீராக இருந்தால்தான் காய்ச்சலாம் என்றது ஷம்மாய் தரப்பு. ஹில்லேல் தரப்பு சும்மாவே அனுமதித்தது.

“இப்போது எல்லோரும் தினமும்தானே குளிக்கிறோம்?” என்றேன். “அதைத்தான் என் பெண்களும் ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்கிறார்கள்” என்று பெருமூச்சு விட்டார். இந்த வாதத்தை ஏற்கிற ரப்பிகளும் இருக்கிறார்களாம். அவர்களுடைய ரப்பி ஏற்கவில்லை. என்னைக் கேட்டால் பெண்கள் சொல்வதுதான் நியாயம். தீபாவளியை வெந்நீரில் தொடங்கி வளர்ந்தவன் வேறு எப்படிச் சொல்வேன்!

அஷ்தோத் அக்கா:

இஸ்ரேலில், அஷ்தோத் ஊரில் நான் இருந்த வீடு மொராக்கோ பூர்வீகம். அவர்கள் பண்டிகைக்கு முன்பே சூடான தண்ணீரில் பண்டிகையன்று முழுசாகவே குளித்தார்கள். எதிர்வீட்டு ஐரோப்பிய வழிக் குடும்பம் குளிக்காது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ எழுதிய ‘ஷுல்ஹான் அரூக்’ என்ற மதச்சட்டத் தொகுப்பு இதை அனுமதிக்கிறது, அதற்கே குறிப்பு எழுதிய போலந்தின் மோசே இஸ்ஸெர்லெஸ் கூடாதென்கிறார். ஒரே புத்தகம், ஒரே பக்கம், இரண்டு வீடு! கைக்குழந்தைக்கு மட்டும் அவரும் இளகிவிட்டார். பாத்திரம் கழுவத் தண்ணீர் காய்ச்சும்போது குழந்தைக்கும் சேர்த்துக் கூடுதலாக வைக்கலாமாம். எதிர்வீட்டுப் பாட்டி பேரனைக் குளிப்பாட்டும்போது மிச்சத் தண்ணீரில் தன் காலை ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கலிலேயா யாத்ரீகன்:

அந்தத் திபேரியா ஊற்றை நேரில் பார்த்தேன். புனிதப் பயணத்தில் கலிலேயாக் கடலுக்குப் போனபோது கரையோரம் ஹமாத் திபேரியாவில் வண்டியை நிறுத்தினார்கள். தண்ணீர் 60 டிகிரி சூட்டில் வருகிறது, கை வைத்தால் பொத்துப்போகும். பக்கத்திலேயே 4ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயத்தின் தரை, பன்னிரண்டு ராசிகளும் நடுவில் சூரியனும் கல்லில் பதித்தது. ஜெப ஆலயத்தில் ராசிச்சக்கரமா என்று எங்கள் பாதிரியாரே வாய்பிளந்தார்.

இந்த ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் ஒரு வேலை செய்தார்களாம். வெந்நீர் ஓடும் வாய்க்காலுக்குள் குழாய் போட்டு அதில் பச்சைத் தண்ணீரை விட்டார்கள். அடுப்பில்லாமலே சூடு! ரப்பிகள் விடவில்லை. ஓய்வுநாளில் அந்தத் தண்ணீரைக் குளிக்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. பண்டிகை நாளில் குடிக்கலாம், குளிக்கக்கூடாது. பூமிச் சூடு நெருப்புச் சூட்டோடு சேருமா சேராதா என்றும் வாதம் நடந்திருக்கிறது. சேரும் என்ற ரப்பி யோசே சொன்ன காரணம், அந்த நீர் நரகத்தின் வாசலைத் தாண்டி வருகிறதாம்.

பேஸ்மென்ட்வாசி:

அப்படியானால் மொட்டைமாடியில் வெயிலில் காய்கிற தொட்டி?

அஷ்தோத் அக்கா:

அங்கேயும் இழுபறிதான். இஸ்ரேலில் 1980இலேயே புது வீடுகளுக்கு அதைச் சட்டப்படி கட்டாயமாக்கியதால் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. வெயில் சூடு நெருப்பாகாது என்று ஒரு கட்சி. குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் உள்ளே போய் ஏற்கெனவே சூடாக இருக்கும் நீரில் வேகிறதே என்று இன்னொரு கட்சி.

தென்கடல்:

மூன்றாம் நாள் ராத்திரியைச் சொல்ல மறந்துவிட்டேன். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணினார். மூன்று தெரிந்ததும் பிரார்த்தனை முடித்து, மகள் நேரே போய் டேப்பைப் பிய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான், மகள், மருமகன், மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர் கையில் துண்டோடு வரிசையாக நின்றோம். பெரியவர் மட்டும் நேற்றே குளித்த தெம்பில் கட்டிலிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.