புதுப்பிப்பு: 445-ஐ மூடியாச்சு, அப்புறம்?

முந்தைய பதிவில், விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்குப் பயன்படும் 445-ஆம் போர்ட்டை (நெட்வொர்க் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) ரௌட்டரில் மூடச் சொல்லியிருந்தேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மால்வேர்) பரவிய வழி அதுதான். அதில் ஒரு திருத்தம். ரௌட்டர் தடுப்பது வெளியிலிருந்து வருவதை மட்டும். அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினிக்குத் தொற்று இருந்தால், அது நேராக உங்கள் 445-ஐத் தட்டும். ஃபைல் பகிர்வு தேவையில்லாத கணினிகளில் விண்டோஸ் ஃபயர்வாலிலும் உள்வரும் 445-ஐ அடைத்துவிடுங்கள். ஃபைல் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐயும் நீக்கிவிடுங்கள். பழைய ஸ்கேனர் ஏதாவது ஃபோல்டருக்கு அனுப்ப மறுத்தால் காரணம் எஸ்எம்பி 1-ஐ நீக்கியதாகத்தான் இருக்கும்.

கணினியில் திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையின் பட்டியலில் 445-க்கு நேரே பிஐடி (ஓடும் நிரலின் அடையாள எண்) 4 என்று வந்தால் பதற வேண்டாம், அது விண்டோஸ் சிஸ்டமேதான். 127.0.0.1 என்ற முகவரியில் இணைப்புக்குக் காத்திருப்பது அந்தக் கணினிக்குள்ளேயே பேசுவது. 0.0.0.0 (வெளியிலிருந்தும் இணைப்பை ஏற்கும்) என்று இருந்தால்தான் எந்த நிரல் என்று பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் அந்த பிஐடி-யைத் தேடி, ஃபைல் இருக்கும் இடத்தைத் திறங்கள். எஸ்விசிஹோஸ்ட் என்ற விண்டோஸ் நிரலின் பெயரில் ஒன்று டெம்ப் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தால் அது மால்வேர்தான், சந்தேகமே வேண்டாம், முதலில் நெட்டைத் துண்டியுங்கள்.

நெட்பஸ் என்ற பழைய பின்கதவு நிரலின் காலத்தில் 12345-ஆம் போர்ட் திறந்திருந்தாலே பிடித்துவிடலாம். இப்போதைய மால்வேர் பெரும்பாலும் உள்ளே கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதில்லை. தானே 443 வழியாக வெளியே பேசுகிறது. பிரவுசரும் அதே போர்ட்தான், மூட முடியாது. அதனால் போர்ட் எண்ணைவிட, எந்த நிரல் எந்த முகவரிக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரௌட்டரில் யூபிஎன்பி-யையும் அணைத்துவிடுங்கள். உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்கும் வசதி அது.