புகையிரதக் கடவையில் வீதியோர அலகு: யாழ்ப்பாணத்துக்கு இப்போதே வேண்டுமா?

கோண்டாவில் வாசி:
வாகனமும் வீதியும் வானொலி அலையில் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு பணக்கார நாடுகளின் விளையாட்டு என்று சென்ற கிழமை இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் அதை மறுக்கிறேன். 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறையை எட்டியது. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் பாதையோரம் வரை வீடுகளும் ஒழுங்கைகளும் நெருங்கிவிட்டன, கடவையில் நின்று இரு பக்கமும் பார்க்கும் பழக்கமே இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. காவலாளியோ கேற்றோ இல்லாத கடவைகளில் விபத்து நடந்த பின்னர் நாம் மறியல் செய்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

தண்டவாளத்தில் பொருத்திய உணரி சக்கரங்கள் கடப்பதை அறிந்தவுடன், கடவையருகே கம்பத்தில் உள்ள வீதியோர அலகு என்னும் வானொலிப் பெட்டி, சுற்றிலும் ஏறத்தாழ 300 மீற்றருக்குள் வரும் வாகனங்களுக்கு எச்சரிக்கையை அனுப்பும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை 670 மீற்றருக்கு அப்பால் உணர்ந்தால் 30 விநாடி கிடைக்கும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காரோ, சாரதி சுதாகரிக்கும் நேரத்தையும் சேர்த்து, உலர்ந்த வீதியில் 35 மீற்றருக்குள் நின்றுவிடும்.

சைக்கிள்காரன்:
கணக்குப் பிழையில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையைக் கேட்கப்போவது யார் என்பதை நீங்கள் சொல்லவில்லை. நம் கடவைகளைக் கடப்பவை சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லான்ட்மாஸ்டர், இவற்றுக்கு நடுவே கட்டாக்காலி மாடுகள். இவற்றில் எதிலும் அலைவாங்கி இல்லை. மணியும் சிவப்பு விளக்கும் எல்லோருக்கும் பொதுவானவை, கருவி வாங்கியவனையும் வாங்காதவனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதே பணத்தில் இன்னும் இரண்டு கடவைகளுக்கு மணி போடலாமே என்பதுதான் என் கேள்வி.

கோண்டாவில் வாசி:
மணி வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை, ஐயா. கருவி எல்லோரிடமும் இருந்தால்தான் பயன் என்ற கருத்தை மட்டும் மறுக்கிறேன். வாகனத்துக்கு வாகனம் பேசும் முறையில், பத்தில் ஒரு வாகனத்திடம் கருவி இருந்தால், எதிர்ப்படும் இரண்டிலும் கருவி இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். வீதியோர அலகு நிலையாக நிற்பதால் வாய்ப்பு பத்தில் ஒன்றாகிறது. அந்தப் பத்தில் ஒன்றை நாமே தெரிவுசெய்யலாம்: இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துகள், பாடசாலை வான்கள், அம்புலன்ஸ்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இந்த ஏற்பாட்டைப் பரீட்சித்த 80 ஆம் இலக்க நெடுஞ்சாலையிலும் முதலில் பனி அகற்றும் ஊர்திகளுக்கும் சரக்கு லொறிகளுக்குமே கருவி கொடுத்தார்கள். ஐம்பது பேர் ஏறிய பேருந்தை ஒற்றை வாகனமாக எண்ணுவது சரியான கணக்கல்ல.

அலைவரிசை:
இருவரும் கருவி என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். எந்தக் கருவி? அமெரிக்கா 1999 இல் 5.9 கிகாஹேர்ட்ஸ் அலைப்பட்டையில் 75 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை இதற்கென ஒதுக்கியது. 2020 இல் அதில் 45 ஐ வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 30 ஐயும் வைஃபை வழிவந்த பழைய முறையிடமிருந்து எடுத்து, கைத்தொலைபேசித் தொழில்நுட்பத்தில் பிறந்த புதிய முறைக்கு மாற்றியது. இரண்டுக்கும் ஒன்றன் பேச்சு மற்றதற்குப் புரியாது. பழைய முறையை நம்பி அங்கே நட்ட கம்பங்களின் கருவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் வொக்ஸ்வாகன் 2019 இல் கோல்ஃப் காரைப் பழைய முறையுடனேயே வெளியிட்டது. சீனா புதிய முறையின் பக்கம்.

நமக்குச் சிக்கல் இன்னொரு திசையில் இருக்கிறது. இங்கு ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. ஜப்பானின் ஏற்பாடு 760 மெகாஹேர்ட்ஸில் இயங்குகிறது, டொயோட்டா 2015 முதல் சில மாதிரிகளில் அதைப் பொருத்தி வருகிறது. தாழ்ந்த அலை மூலைச் சுவரைச் சுற்றி ஓரளவு வளைந்து வரும் என்பதால், மதிலும் தகர வேலியும் நெருக்கிய நம் ஒழுங்கைகளுக்கு அதுவே பொருத்தம். ஆனால் ஆசிய பசிபிக் நாடுகளுக்கான 700 மெகாஹேர்ட்ஸ் திட்டத்தில், கோபுரத்திலிருந்து கைத்தொலைபேசிக்கு வரும் அலைகள் 758 இலிருந்தே தொடங்குகின்றன, 760 அதற்குள் விழுகிறது. ஆகவே இறக்குமதியாகும் காரில் கருவி இருந்தாலும் அதை இங்கே பேசவிடுவது எளிதல்ல, கம்பத்தை 5.9 இல் நட்டால் அந்தக் காருக்குக் காதே கேட்காது. இதனால்தான் நான் கோண்டாவில் வாசியின் பேருந்து யோசனையை ஆதரிக்கிறேன்: கம்பத்தையும் பேருந்தின் கருவியையும் ஒரே கையால் வாங்கினால் மொழிச்சண்டை இல்லை.

சைக்கிள்காரன்:
பேருந்து யோசனையை நானும் பாதி ஏற்கிறேன். மீதிப் பாதி இதுதான். புகையிரத சமிக்ஞையின் பழைய விதி, எது பழுதானாலும் அது ஆபத்தைக் காட்ட வேண்டும் என்பது. மின்சாரமோ கம்பியோ போனால் சிவப்புப் பக்கம் விழும்படியே அதை அமைப்பார்கள். உங்கள் கம்பம் பழுதானால் மௌனமாகிவிடும். ஆறு மாதம் எச்சரிக்கையை நம்பிப் பழகிய சாரதி அந்த மௌனத்தை வழி திறந்திருக்கிறது என்றே படிப்பான். கருவி இல்லாதவன் வழக்கம்போலப் பயந்து இரு பக்கமும் பார்ப்பான், கருவி உள்ளவன் பார்க்கமாட்டான்.

கோண்டாவில் வாசி:
இந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன், இங்கே எழுதப்பட்டதில் இதுதான் கனமானது. ஆயினும் விடை உண்டு. பேருந்தின் கருவியில் கடவைகளின் வரைபடம் இருக்கும், கம்பம் விநாடிக்குப் பலமுறை தான் இயங்குவதை அறிவித்துக்கொண்டே இருக்கும். கடவையை நெருங்கியும் அந்த அறிவிப்பு வரவில்லையென்றால், கருவி அதையே ஆபத்தாக எடுத்துக்கொண்டு ஒலிக்க வேண்டும். அப்போது மௌனமும் சிவப்பாகிவிடுகிறது.

நாவற்குழி:
கம்பம் நடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். என் மோட்டார் சைக்கிள் எந்தச் சந்தியை எத்தனை மணிக்குக் கடந்தது என்று அந்தப் பெட்டி எழுதிவைக்குமா? சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற ஊர் நாங்கள், இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அலைவரிசை:
நியாயமான கேள்வி. வாகனங்கள் விநாடிக்குப் பத்து முறை அனுப்பும் இடம், வேகம், திசை ஆகியவை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, அதாவது யாரும் படிக்கலாம்; அனுப்பியது உண்மையான கருவிதான் என்று காட்டும் மின்கையொப்பம் மட்டுமே இடப்படுகிறது. கையொப்பச் சான்றிதழ் புனைபெயர் போன்றது, அடிக்கடி மாறும், அதில் இலக்கத்தகடு இராது. இருந்தும் அடுத்தடுத்த கம்பங்கள் கேட்டதையெல்லாம் சேமித்தால் ஒரு வாகனத்தின் தடத்தைப் பொருத்திப் பார்க்க வழியுண்டு. கடவைக் கம்பத்துக்கோ வாகனம் சொல்வதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அனுப்புவதோடு நிறுத்தி, வாங்கும் பகுதியே இல்லாத அலகைப் பொருத்தச் சொல்லலாம்.

சைக்கிள்காரன்:
அப்படியானால் என் நிலைப்பாடு இது: முதலில் மணியும் விளக்கும். அவற்றுக்கு அத்திவாரம் வெட்டும்போதே அலகுக்கான குழாயையும் மின்கம்பியையும் சேர்த்துப் புதைக்கட்டும், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன். உப்புக் காற்றில் பெட்டியின் பிணைச்சல் துருப்பிடிக்கும், மின்கலம் வீங்கும், யாராவது திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்டவாளம் புகையிரதத் திணைக்களத்துக்குரியது, பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, ஒழுங்கை பிரதேச சபைக்குரியது. பெட்டியின் சாவி இவர்களில் யாரிடம் இருக்கும் என்று எழுதுங்கள், மீதியை அதற்குப் பிறகு பேசுவோம்.

கோண்டாவில் வாசி:
திணைக்களத்திடம். உணரி அவர்களுடைய தண்டவாளத்தில் இருக்கிறது, மணிக்கும் அலகுக்கும் அதே கம்பிதான். பிரதேச சபையிடம் கொடுத்தால் நானே எதிர்த்து எழுதுவேன்.