புதுப்பிப்பு: இலங்கையில் ஒரு வார கோல்ஃப் பயணம்

ஒரே வாரத்தில் இலங்கையின் மூன்று கோல்ஃப் மைதானங்களில் ஆட முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. முடிந்தது, பிப்ரவரியில் போய் வந்தோம்.

"கொழும்பில் தொடங்கி, கண்டி வழியாக மலை ஏறுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ராயல் கொழும்பு மைதானத்தின் ஊடே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் கடக்கும்வரை மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு அதுவே பிடித்தது! அப்புறம் கண்டிக்குப் பக்கத்தில், திகனவில் இருக்கும் விக்டோரியா மைதானம். அதை ஒட்டிய நீர்த்தேக்கத்தைப் பார்த்தே பாதிப் பந்துகளைக் கோட்டை விட்டேன்.

எதிர்பாராதது மூன்றாவது மைதானம் இருக்கும் மலை நகரமான நுவரெலியா. 1,800 மீட்டருக்கு மேல் உயரம். காலையில் விரல்கள் மரத்துப்போயின, பந்தோ வழக்கத்தைவிடத் தூரம் பறந்தது. வெப்பமண்டலத் தீவுதானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.