புதுப்பிப்பு: டிட்டிகாக்கா தீவில் தங்கிவிட்டு வந்தேன்

பெருவின் டிட்டிகாக்கா ஏரியில் யூரோஸ் மிதக்கும் தீவுகளைப் பார்த்ததோடு திரும்பலாமா, அமந்தானி தீவில் இரவு தங்கலாமா என்று இதே இழையில் கேட்டிருந்தேன். தங்கினேன், நீங்களும் தங்குங்கள். குடும்பங்கள் முறை வைத்து வீட்டில் இடம் தருகின்றன. ராத்திரிக்குக் கினோவா சூப், உருளைக்கிழங்கு, அப்புறம் முஞ்யா என்ற புதினா மாதிரி மூலிகை இலைத் தேநீர். ஏரியே 3,800 மீட்டர் உயரம். தீவிலுள்ள பச்சமாமா குன்றேறும்போது நன்றாக மூச்சு வாங்கியது. அந்த முஞ்யா இலையைக் கசக்கி மோந்தால் கொஞ்சம் தேவலை.

யூரோஸில் கோரைத் தரை காலடியில் அமுங்குகிறது; அடியில் அழுக அழுக மேலே புதுக் கோரை பரப்புகிறார்கள். ஆனால் விற்பனைதான் அதிகம். இதே ஏரியின் இன்னொரு தீவான தக்கீலேயில் ஆண்கள் நடந்தபடியே தொப்பி பின்னுகிறார்கள். முழுச் சிவப்புத் தொப்பி என்றால் கல்யாணமானவர்.

ஏரிக்கரை ஊரான பூனோவில் உயரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு படகேறுங்கள். வீட்டாருக்கு அரிசி, சர்க்கரை வாங்கிப் போங்கள்.