ரப்பர் மீன் வார்ப்பில் வால் பக்கம் மட்டும் குமிழி

தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீன் இரைகளை வார்க்கிறேன். கையால் அழுத்தும் இன்ஜெக்டர், 4 அங்குல அலுமினிய அச்சு. இடம் சிங்கப்பூரின் ஈசூன். மூன்று வாரமாக வால் தொடங்கும் மெல்லிய இடத்தில் ஊசிமுனை அளவுக் குமிழிகள். தலைப்பக்கம் சுத்தம்.

பிளாஸ்டிசாலை (சூடாக்கி ஆற்றினால் ரப்பர்போல் ஆகும் திரவ பிளாஸ்டிக்) மைக்ரோவேவில் 175 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறேன், மஞ்சளாகவில்லை, கருகவில்லை. (ஜன்னல் திறந்து, ஃபேன் போட்டுத்தான்.)

சூடாக்கும் முன் வேக்குவம் சேம்பரில் (காற்றை உறிஞ்சி எடுக்கும் கலத்தில்) 15 நிமிடம் வைத்தேன், அச்சை 50 டிகிரிக்குச் சூடேற்றினேன், மெதுவாக அழுத்தி 10 விநாடி பிடித்தும் பார்த்தேன். பலனில்லை. வழக்கமாகக் கலக்கும் உப்புத்தூளைச் சேர்க்காதபோது மட்டும் குமிழி பாதி குறைந்தது. நம்மூர் ஈரக்காற்றில் உப்பு தண்ணீரை இழுத்திருக்கும், சூட்டில் அது ஆவியாகியிருக்கும். மீதிப் பாதி அச்சுக்குள் சிக்கும் காற்று என்றே படுகிறது. வால் நுனியில் காற்றுப்போக்கி இல்லை.

பிளாஸ்டிக் பிசிறாகக் கசியாமல் காற்று மட்டும் போக, அங்கே எவ்வளவு ஆழத்துக்குக் கீறலாம்?