எல்ஸே ஸ்டேஷனுக்கு வந்த அந்த நிமிடம்

ஊமைப் படக் காலத்துக் குற்றப் படங்களில் மறக்க முடியாத முடிவு எது என்ற பேச்சில் ஒருவர் 1927-இல் வந்த ‘அண்டர்வேர்ல்ட்’ முடிவைச் சொன்னார். காதலர்களைத் தப்பவிட்டுத் தாதா சரணடைவது. அருமையான முடிவுதான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ‘ஆஸ்ஃபால்ட்’. 1929-இல் ஜோ மே எடுத்த ஜெர்மன் படம்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி லேப்டாப்பில் போட்டேன். தூக்கம் வராமல் எழுந்து வந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஊமைப் படத்துக்கு அது எதற்கு? இடையில் வரும் எழுத்தை மட்டும் நான் தமிழில் சொன்னேன். பாதிக்கு மேல் அவள் அதையும் கேட்கவில்லை.

கதை சின்னது. பெர்லின் நகைக்கடையில் வைரத்தைத் திருடிக் குடை நுனியில் ஒளிக்கிறாள் எல்ஸே. மாட்டியதும் அழுகிறாள், கெஞ்சுகிறாள். எல்லாம் நடிப்பு. பிடித்த போலீஸ்காரன் ஹோல்க் அவளிடமே விழுந்துவிடுகிறான். (‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மன் ஊமைப் படத்தின் நாயகன் குஸ்டாவ் ஃப்ரோலிஷ்தான் இவன்.) அப்புறம் அவளுடைய பழைய ஆள் வந்து நிற்க, கைகலப்பில் ஹோல்க் கையால் அவன் செத்துப்போகிறான்.

ஹோல்க் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிடுகிறான். அப்பாவும் போலீஸ். மனிதர் யூனிஃபார்மை எடுத்து மாட்டுகிறார், அவ்வளவுதான். மகனை அவரே ஒப்படைக்கப் போகிறார் என்று அந்த உடுப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

“சட்டையை மாட்டுறப்பவே வயித்தைக் கலக்குதுடா” என்றாள் அம்மா. மகனையே சுட்ட போலீஸ் சிவாஜிக்கு அழுத தலைமுறை அல்லவா!

இனி ஹோல்க் கதை முடிந்தது என்று நினைக்கும்போது எல்ஸே தானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறாள். “மறுபடி நடிக்கிறாளா?” என்றாள் அம்மா. சத்தியமாக எனக்கும் அதே சந்தேகம். முதல் பாதியில் அந்தக் கண்ணீரை நம்பி ஏமாந்தவர்கள்தானே நாங்களும். அதனால்தான் எல்ஸேயாக நடித்த பெட்டி அமானின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவனைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னால் தன் திருட்டும் வெளியே வரும். தெரிந்தேதான் சொல்கிறாள். அவன் விடுதலை, அவள் சிறைக்கு. காத்திருப்பேன் என்கிறான்.

எனக்கு அந்தக் கடைசி வாக்குறுதி கொஞ்சம் சர்க்கரை தூக்கல். அம்மாவுக்கு அப்படியில்லை. நான் லேப்டாப்பை மூடப் போனேன்.

“எத்தனை வருஷம்டா அவ உள்ள இருக்கணும்?”

“படம் முடிஞ்சிடுச்சும்மா.”

“அது தெரியுது. எத்தனை வருஷம்?”